12 பார், 12 வயது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் முக்கால்வாசியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நடுவில் ஒரு இடத்தில், பிள்ளைகள் முதலில் கிரேடு தேர்வுகளை முடிக்கட்டும், கை நன்றாகப் பழகட்டும், சொந்தமாக வாசிப்பது, மனோதர்மம் எல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தது. அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்துப் படித்தேன். இதை எழுதாமல் தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டது.

நான் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்துக்கு வெளியே ஒரு நடுநிலைப் பள்ளியில் பேண்ட் ஆசிரியர். ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், 11 முதல் 14 வயது வரை. சொந்த ஊர் பாளையங்கோட்டை. அங்கே பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்தவன். சுதந்திர தினத்துக்கும் விளையாட்டு விழாவுக்கும் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு நாலே நாலு மார்ச் பாட்டை ஐந்து வருடம் ஊதினோம். ஒருநாள் மாஸ்டர் வருவதற்கு முன்னால் அந்த நாலில் ஒன்றின் கடைசியில் நானாக இரண்டு ஸ்வரம் சேர்த்து ஊதிப் பார்த்தேன். அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முட்டியில் விழுந்த அடி அந்த இரண்டு ஸ்வரத்தையும் இருபது வருடம் மறக்கடித்தது. அவர் மேல் கோபம் இல்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் "அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற அந்த 'அப்புறம்' பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதே இல்லை என்பதை நான் என் முட்டியில் படித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆறாம் வகுப்பின் முதல் வருடத்திலேயே, வாத்தியம் பிடித்து நாலைந்து மாதம்கூட ஆகாத பிள்ளைகளுக்கு, ப்ளூஸ் என்கிற கருப்பின அமெரிக்கர்களின் இசையில் சொந்தமாக வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டு வருடமாகச் செய்கிறேன். முதல் வருடம் படு மோசமாகச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ப்ளூஸ் ஸ்கேல் என்று ஆறு ஸ்வரங்களை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்து, "இதில் எதை வாசித்தாலும் தப்பே வராது, தைரியமாக வாசியுங்கள்" என்றேன். என்ன நடந்தது? நாற்பத்தெட்டு பிள்ளைகளும் மாடிப்படி ஏறி இறங்கினார்கள். கீழிருந்து மேலே ஆறு படி, மேலிருந்து கீழே ஆறு படி. ஒரு பையன் நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறினான். தப்பே வராது என்று சொன்னது இன்னும் பெரிய பொய். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் காது இல்லையா என்ன? கசப்பாக ஒலிப்பது அவர்களுக்கே கேட்கிறது, வாத்தியாரோ நன்றாக இருக்கிறது என்கிறார். அந்த நிமிடத்தில் வாத்தியார் சொல்வதை நம்புவதா, தன் காதை நம்புவதா என்ற சங்கடம் வந்துவிடுகிறது. வாத்தியாரை நம்பினால் கதை முடிந்தது.

இப்போது செய்வது வேறு. ப்ளூஸ் தெரியாத வாசகர்களுக்காக அதன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களுக்கு இது ரொம்ப சுலபம். ஒரு பார் என்பது நாலு அடி. இரண்டு பார் சேர்ந்தால் எட்டு, நம் ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனம். ஒரு ப்ளூஸ் சுற்று 12 பார், 48 அடி, அதாவது ஆதியில் ஆறு ஆவர்த்தனம். இந்த ஆறும் மூன்று வரியாகப் பிரியும், வரிக்கு இரண்டு ஆவர்த்தனம். அடியில் ஒலிக்கிற கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கொத்து, முதல் நாலு பாருக்கு ஸவில் நிற்கும், அடுத்த இரண்டுக்கு மவுக்குப் போகும், இரண்டுக்கு ஸவுக்குத் திரும்பும், பிறகு ப ஒரு பார், ம ஒரு பார், ஸவில் இரண்டு பார். அவ்வளவுதான். கைக்குக் கை சில மாற்றங்கள் உண்டு, ஆனால் எலும்புக்கூடு இதுதான். இந்தச் சுற்றைப் பிள்ளைகள் முதலில் வாத்தியம் இல்லாமல், கை தட்டிக்கொண்டு, அடி ஸ்வரத்தை மட்டும் முனகிப் பழக வேண்டும். ஒரு வாரம் ஆகும். இப்போது ஐந்தாவது பார் வந்துவிட்டது என்று எண்ணாமலே உடம்புக்குத் தெரிகிற வரை நான் வாத்தியப் பெட்டியைத் திறக்க விடுவதில்லை.

அப்புறம் ஒரே ஒரு ஸ்வரம். ஸ மட்டும். அதற்கே வகுப்பில் நாலு பெயர். ஃப்ளூட்டும் ட்ரோம்போனும் டியூபாவும் அதை பி ஃப்ளாட் என்று சொல்லும், அதே ஒலிக்கு கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சி என்று தாளில் பார்க்கும், ஆல்டோ சாக்ஸபோனுக்கு அது ஜி, ஃப்ரெஞ்ச் ஹார்னுக்கு எஃப். தாளை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் முதல் இருபது நிமிடம் இந்த மொழிபெயர்ப்பிலேயே போய்விடும். காதால் சொல்லிக்கொடுத்தால் இந்தத் தொல்லை பாதி போய்விடுகிறது. நான் ஒரு சின்ன தாளச் சொல்லை ஸவில் ஊதுவேன், அவர்கள் அதையே திருப்பி ஊத வேண்டும். நாலைந்து தடவை அப்படி. பிறகு, "நான் கேள்வி, நீங்கள் பதில், என் சொல்லையே திருப்பிச் சொல்லாதீர்கள்" என்பேன். ஒரே ஸ்வரம் என்பதால் ஸ்வரத்தில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது, தாளம்தான் பேச வேண்டும். ஒரு பிள்ளை ஒற்றை ஸவை வைத்துக்கொண்டு முதல் அடியில் ஊதாமல் இரண்டாவதில் ஊதி, நாலாவதை விட்டுவிட்டு நிறுத்துகிறது பாருங்கள், அதை எந்தத் தாளில் அச்சடிக்க முடியும்?

ஸ்விங் என்று அடியைச் சமமாகப் பிரிக்காத ஒரு நடை உண்டு, அதைச் சொல்லிப் புரியவைக்க இங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நம் வீட்டில் ஒரு சொல்லில் முடிந்துவிடும்: 'தகிட' சொல்லுங்கள், நடுவிலிருக்கிற 'கி'யை விழுங்குங்கள், த நீண்டு ட குட்டையாகும். வேகம் கூடும்போது அந்த வித்தியாசம் குறையும், ஆனால் ஆரம்பத்துக்கு இது போதும். என் அமெரிக்கப் பிள்ளைகள் நாற்பத்தெட்டு பேரும் 'தகிட' சொல்வார்கள். ட மட்டும் அவர்கள் நாக்கில் வராது, பரவாயில்லை.

ஒரு ஸ்வரத்துக்கு அடுத்தது இரண்டு, ஸவும் பவும். இரண்டு ஸ்வரத்தில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று கேட்கிறவர்களுக்கு ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டனைக் காட்டுவேன். 1942ல் அவர் பதிவு செய்த 'சி ஜாம் ப்ளூஸ்' மெட்டு முழுக்க இரண்டே ஸ்வரம்தான். பியானோவில் ஒரு விரலும் இன்னொரு விரலும். அதை பி ஃப்ளாட்டுக்கு மாற்றி நாங்கள் ஊதும்போது, புத்தகத்தில் முப்பது பாட்டு முடித்த பிள்ளைக்கும் நேற்று சேர்ந்த பிள்ளைக்கும் ஒரே வேலைதான். வகுப்பில் மேல்சாதி கீழ்சாதி போய்விடுகிறது அந்த ஐந்து நிமிடத்துக்கு.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம். ஆரம்ப பேண்ட் புத்தகம் எதை எடுத்தாலும் முதல் ஐந்து ஸ்வரம் பெரும்பாலும் ஒன்றுதான், ஸ ரி க ம ப, அதில் வரும் க உயரமான அந்தர காந்தாரம். பி ஃப்ளாட்டில் அது டி. இந்த ஐந்தும் டிசம்பருக்குள் எல்லோருக்கும் வந்துவிடும். ப்ளூஸுக்குப் புதிதாகத் தேவைப்படுவது ஒரே ஒரு விரல் மாற்றம், அதற்கு அரை ஸ்வரம் கீழே இருக்கிற 'சாதாரண காந்தாரம்' என்ற க, அதாவது டி ஃப்ளாட். ஏன் அது ஒன்று போதும் என்றால், ஸவில் நிற்கும் கார்டுக்குள் அந்தர காந்தாரம் இருக்கிறது, ஐந்தாவது பாரில் மவுக்குப் போகும் கார்டுக்குள் சாதாரண காந்தாரம் இருக்கிறது. அந்தத் திருப்பத்தில் டி-யிலிருந்து அரை ஸ்வரம் கீழே இறங்கினால் கேட்கிறவருக்குப் பாட்டு திரும்பியது தெரியும். ஏறாமல் இறங்காமல் அந்த ஒரே அரை ஸ்வரத்தைச் சரியான அடியில் இறக்கிய பிள்ளை, ஆறு ஸ்வர மாடிப்படியை ஓடி ஏறிய பிள்ளையைவிட நூறு மடங்கு ப்ளூஸ் வாசிக்கிறது. இறக்க மறந்துவிட்டால் ஒரு உரசல் கேட்கும். கேட்கட்டும். தப்பே கிடையாது என்று இப்போது நான் சொல்வதில்லை. "உரசுகிறதா? பக்கத்து வீட்டுக் கதவு அரை ஸ்வரம் தள்ளித்தான் இருக்கிறது, தட்டு" என்கிறேன்.

கர்நாடக இசை கேட்கிறவர்கள் இந்நேரம் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ப்ளூஸ் ஸ்கேலில் இருக்கிற ஸ்வரங்களை அடுக்கினால் ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். நம் சுத்த தன்யாசி ராகம். அதற்கு நடுவே பிரதி மத்யமம் ஒன்று விருந்தாளியாக வந்து போகும். இதைச் சொன்னதும் நம் ஆட்கள் உடனே, பார்த்தாயா எல்லாம் இங்கிருந்துதான் போனது என்று கிளம்பிவிடுவார்கள். வேண்டாம் சாமி. அங்கிருந்து இங்கேயும் போகவில்லை, இங்கிருந்து அங்கேயும் போகவில்லை. சுத்த தன்யாசி பாடும்போது அடியில் அந்தர காந்தாரத்தை யாரும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ப்ளூஸில் மேலே பாடுகிறவன் சாதாரணத்தைத் தொடுவான், அடியில் கார்டு அந்தரத்தைப் பிடித்திருக்கும், அந்த இரண்டும் உரசுகிற இடத்தில்தான் ப்ளூஸ் இருக்கிறது. நல்ல பாடகர்கள் இரண்டிலும் நிற்காமல் நடுவில் எங்கேயோ நிற்பார்கள். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது.

ட்ரோம்போனில் உண்டு. இது எனக்கு ஒரு பையன் சொல்லிக்கொடுத்தது. ட்ரோம்போனுக்குக் கட்டையும் கிடையாது ஓட்டையும் கிடையாது, இழுக்கிற குழாய்தான், ஏழு இடம். டி நாலாவது இடம், டி ஃப்ளாட் ஐந்தாவது. என் வகுப்பில் ஒரு பையன், கை கொஞ்சம் குட்டை, எப்போதும் கடைசி வரிசையில் டியூபாவுக்குப் பின்னால் மறைந்துகொள்வான், நாலு மாதத்தில் தனியாக ஒரு ஸ்வரம்கூட ஊதியவன் இல்லை. அன்றைக்கு அவன் முறை வந்தது. ஐந்தாவது பார் வருகிறது, குழாயை இழுக்கிறான், ஆனால் தாமதமாகிவிட்டது, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கும்போதே ஊதிவிட்டான், அப்படியே வழுக்கிக்கொண்டு ஐந்தாவது இடத்துக்குப் போனான். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தப்பு செய்துவிட்டோம் என்று அவன் வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டான். டிரம் செட்டில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் நிறுத்தவே இல்லை, குச்சியை மேலே தூக்கி அவனைப் பார்த்துக் காட்டினாள். நான் அவனிடம் சொன்னதெல்லாம், அதையே இன்னொரு தடவை, இப்போது வேண்டுமென்றே, என்பதுதான். மூன்று தடவை முயன்றான், வரவில்லை. தப்பாக வந்ததை வேண்டுமென்றே கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த வாரம் வந்தது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். ஒரு வகுப்பு 45 நிமிடம், 48 பிள்ளைகள். கணக்குப் போட்டுக் காட்டுவேன். நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில் ஒரு சுற்று சரியாக 30 விநாடி. ஆளுக்கு நாலு பார் கொடுத்தால் ஒரு சுற்றில் மூன்று பேர், 16 சுற்றில் 48 பேர், எட்டு நிமிடம். எட்டே நிமிடம்! வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி, ரீடைக் காணவில்லை என்று தேடுவதற்கே அவ்வளவு நேரம் ஆகிறது.

பயம்தான் உண்மையான தடை. அதற்கு நான் கண்டுபிடித்த வழி, நான் கண்டுபிடித்தது என்று சொல்லக்கூடாது, ரொம்பப் பேர் செய்கிறார்கள், முதல் இரண்டு வாரம் யாரையும் தனியாக ஊதச் சொல்வதில்லை. நாற்பத்தெட்டு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் இஷ்டத்துக்கு ஒரு சுற்று. சந்தைக்கடைதான். பக்கத்து வகுப்பு கணக்கு டீச்சர் கதவைத் தட்டுவார். ஆனால் அந்த இரைச்சலுக்குள் யார் என்ன ஊதினார்கள் என்று யாருக்கும் கேட்காது, ஊதுகிறவனுக்கு மட்டும் தன்னுடையது கேட்கும். அதற்கப்புறம் வரிசை வரிசையாக, அப்புறம் மூன்று மூன்று பேராக, அப்புறம்தான் தனியாக. தனியாக வரும்போது இரண்டு பார் ஊது, இரண்டு பார் சும்மா இரு. அந்தச் சும்மா இருப்பதுதான் வராது. பிள்ளைகளுக்கு மௌனம் என்றால் ஏதோ மறந்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்கு ப்ளூஸ் பாடகரும் கிட்டார்காரருமான பி.பி.கிங் போட்டுக் காட்டுவேன். மிசிசிப்பியில் பிறந்து, 1940களின் கடைசியில் மெம்பிஸ் வந்து ரேடியோவில் வேலை பார்த்தவர், பெயரில் இருக்கிற பி.பி., அதாவது 'ப்ளூஸ் பாய்', எங்கள் ஊர்ப் பட்டம்தான். அவர் பாடும்போது கிட்டார் வாயை மூடிக்கொண்டிருக்கும். பாடி நிறுத்தியதும் கிட்டார் பதில் சொல்லும், அதுவும் நாலைந்து ஸ்வரத்தில், சில சமயம் ஒன்றே ஒன்றில். பதில் சொல்லிவிட்டு அதுவும் அடங்கும். நம் கச்சேரியில் வயலின்காரர் பாடகருக்குத் தருகிற இடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிது இல்லை.

வரி எழுதவும் வைப்பேன். ப்ளூஸ் பாட்டில் முதல் வரியையே இரண்டாவது தடவையும் பாடுவார்கள், மூன்றாவது வரியில்தான் விஷயம் வெளியே வரும். போன வருடம் மூன்று பெண்கள் எழுதியதைத் தமிழில் தந்தால் சுமாராக இப்படி வரும்: "ஸ்கூல் பஸ்ஸு போயிருச்சே, ஷூவுல ஒரு லேசும் இல்ல, ஆமாம், ஸ்கூல் பஸ்ஸு போயிருச்சே, ஷூவுல ஒரு லேசும் இல்ல, அம்மா காரு ஸ்டார்ட்டு ஆகல, ராத்திரிலேர்ந்து அவங்ககிட்ட நான் பேசல." அந்தக் கடைசி அரை வரியை நான் எதிர்பார்க்கவில்லை. ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. சனிக்கிழமை ராத்திரி ஆடுவதற்காக வாசித்த இசை அது. வாரம் முழுக்கப் பருத்திக்காட்டில் முதுகு ஒடிந்தவர்கள் சனிக்கிழமை ஆடினார்கள். சோகம் உள்ளே இருக்கும், கால் தரையில் நிற்காது.

அந்தப் பருத்திக்காட்டைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பள்ளியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் மிசிசிப்பி எல்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் உண்டாக்கிய இசை இது, காட்டில் வேலை செய்யும்போது கூப்பிட்ட கூப்பாட்டிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் வந்தது. 1903 வாக்கில் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில் ஒரு மனிதர் கத்தியைக் கிட்டார் கம்பியில் அழுத்தி வாசித்துப் பாடியதைக் கேட்டதாக டபிள்யூ. சி. ஹேண்டி சொல்லியிருக்கிறார். அந்த ஹேண்டி யார்? டிரம்பெட் மாதிரியான கார்னெட் வாசித்த பேண்ட் மாஸ்டர். அதற்கு முன் அலபாமாவில் கருப்பின மாணவர்கள் படித்த ஒரு கல்லூரியில் பேண்ட் சொல்லிக்கொடுத்தவர். 1912ல் அவர் 'மெம்பிஸ் ப்ளூஸ்' அச்சிட்டார். ஆக ப்ளூஸைத் தாளில் ஏற்றியவர்களில் முன்னால் நிற்பவரே ஒரு பேண்ட் வாத்தியார்தான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும், மன்னியுங்கள். மெம்பிஸிலேயே மனாசஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் 1927ல் மாணவர்களை வைத்து ஆரம்பித்த ஜாஸ் குழுதான் பிறகு 1934ல் நியூயார்க்கின் காட்டன் கிளப் என்கிற பிரபல இசை விடுதி வரை போனது. இன்னொருவரை, 11 வயதுப் பையனை, புத்தாண்டு ராத்திரியில் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டதற்காக 1913ல் நியூ ஆர்லியன்ஸில் சீர்திருத்தப் பள்ளியில் போட்டார்கள். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற பேண்ட் ஆசிரியர் அவன் கையில் முதலில் கொடுத்தது கஞ்சிரா மாதிரி ஒரு டம்பரீன், கார்னெட் பிறகுதான் வந்தது. பையன் பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜாஸ் டிரம்பெட்காரர். நடுநிலைப் பள்ளி வயது. என் பிள்ளைகள் இந்தக் கதையில் கேட்கிற முதல் கேள்வி, துப்பாக்கி யாருடையது என்பது.

இனி நம் ஆட்கள். இங்கே என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று நாலு பேர் எப்போதும் உண்டு. ஒரு அப்பா ஒருமுறை போனில் கூப்பிட்டார். "சார், தப்பா நினைக்காதீங்க, கண்டபடி ஊதச் சொல்லித் தர்றீங்கன்னு பொண்ணு சொல்றா, அடுத்த மாசம் ஆடிஷன் இருக்கு" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அவர் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறாள், வகுப்பில் ஃப்ளூட். நான் சொன்னேன், சார், உங்கள் பெண் பாட்டு வகுப்பில் அந்த நிமிடத்தில் தோன்றுகிறபடி கற்பனை ஸ்வரம் பாடுகிறாளே, அதேதான் இது. அவர் சந்தோஷப்பட்டார். அடுத்த நாள் அந்தப் பெண்ணிடமே, "கற்பனை ஸ்வரம் எப்படிப் பாடுவாய்?" என்று கேட்டேன். "நோட்டில் எழுதிக் கொடுத்திருக்காங்க அங்கிள், எட்டு மனப்பாடம்" என்றாள்.

எட்டு மனப்பாடம். சிரிப்பதா அழுவதா! தோடி ராகத்தை நாதஸ்வரத்தில் ராத்திரி முழுக்க வாசித்த ராஜரத்தினம் பிள்ளையின் மண்ணில், 'கற்பனை' என்று பெயரிலேயே வைத்திருக்கிற ஒன்றை எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்கிறோம். எல்லோரும் அப்படி இல்லை என்று தெரியும், நல்ல குருமார்கள் நிறைய இருக்கிறார்கள், மாதிரிக்கு நாலு எழுதிக் கொடுத்து அதற்கப்புறம் நீயே பாடு என்று விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நோட்டைத் தாண்டாத பிள்ளைகளையும் நிறையப் பார்க்கிறேன். இந்தப் பக்கமும் யோக்கியம் கிடையாது. ஜாஸ் பேண்ட் தாள்களில் தனி வாசிப்புக்கான இடத்தில் "இப்படி வாசிக்கலாம்" என்று முழுசாக எழுதியே அச்சடித்து வருகிறது, பிள்ளை அதை ஊதிவிட்டு உட்கார்கிறது, அம்மா அப்பா கைதட்டுகிறார்கள். இரண்டு ஊர் நோட்டும் ஒரே நோட்டுதான்.

அந்தப் பெண்ணுக்கு மற்ற பிள்ளைகளைவிட அதிக நாள் பிடித்தது. எது ராகம், எது வர்ஜம் (விலக்க வேண்டிய ஸ்வரம்) என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் அவளுக்கு ஸ மட்டும் கொடுத்தபோது அவமானமாக இருந்திருக்கும், மற்றவர்களைவிட அவளுக்கு நூறு மடங்கு தெரியும். ஏப்ரலில் ஒருநாள் டி-யிலிருந்து டி ஃப்ளாட்டுக்கு இறங்கும்போது ஃப்ளூட்டை உதட்டில் லேசாக உருட்டி, ஒரு சின்ன அசைவு கொடுத்தாள். கமகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எந்த நோட்டிலும் இல்லை.

மதிப்பெண் விஷயம் ஒன்று பாக்கி. 1994ல் அமெரிக்காவில் வந்த தேசிய இசைக் கல்வித் தரநிலைகள் ஒன்பதில் மூன்றாவதாகவே மனோதர்மம் இருந்தது. காகிதத்தில் இருந்தது. வசந்த காலத்தில் எங்கள் பேண்டுகள் நடுவர்கள் முன்னால் போய் நிற்கும்போது, தயார் செய்த பாட்டுகளுக்கு மதிப்பீடு, பார்க்காத தாளைப் பார்த்தவுடன் வாசிப்பதற்கு மதிப்பீடு, சொந்தமாக வாசிப்பதற்கு ஒன்றும் இல்லை. எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் பள்ளி கேட்கும், வாத்தியாரும் அதைத்தான் செய்வார். உங்கள் கட்டுரை சொல்லும் கிரேடு தேர்வுகளில் நம் ஊரில் பிரபலமான லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் தேர்வில்கூட இம்ப்ரொவைசேஷன் விருப்பத் தேர்வாக இருக்கிறது, தெரியுமா? அதை எடு என்று பிள்ளையிடம் சொன்ன ஒரு ஆசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானே வகுப்பில் இதற்கு எப்படி மதிப்பெண் போடுகிறேன் என்றால், ஸ்வரத்துக்குப் போடுவதில்லை. சுற்று முடிந்து முதல் பாருக்குச் சரியாக வந்து சேர்ந்தாயா, இடைவெளி விட்டாயா, உனக்கு முன்னால் வாசித்தவன் வாசித்ததில் எதையாவது எடுத்துக்கொண்டாயா, இவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு இந்த வருடம் பாதி வகுப்பு தேறவில்லை.

ஆகவே ஐயா, உங்கள் கட்டுரையாளரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த 'அப்புறம்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். கிரேடும் முடிக்கட்டும், வர்ணமும் பாடட்டும், கூடவே வாரத்தில் எட்டு நிமிடம் இதுவும் நடக்கட்டும். வாத்தியம் வீட்டில் இல்லையென்றால் ஒற்றை ஸவை வைத்து அப்பாவோ அம்மாவோ சாப்பாட்டு மேசையில் தட்டிக் கேள்வி கேட்டால் போதும், பதில் வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும். சாம்பார் ஆறிவிடும்.

இன்னொன்று, சின்னத் திருத்தம். அதே கட்டுரையின் பெட்டிச் செய்தியில் சாக்ஸபோனைப் பித்தளை வாத்தியங்களோடு சேர்த்திருந்தீர்கள். உடம்பு பித்தளைதான், ஆனால் ஒலி நாணல் ரீடிலிருந்து வருகிறது, ஆகவே அது கிளாரினெட் சாதி, மரக்காற்று வாத்தியம். என் சாக்ஸபோன் பிள்ளைகளில் ஒருத்தி தமிழ் படிப்பாள், அவள் கண்ணில் படுவதற்குள் திருத்தம் போட்டுவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பேண்ட் வாத்தியார்,
மெம்பிஸ், டென்னசி.